வாருங்கள், கடற்கரையில் ஓடுவோம்!

சென்னையில் காசு இல்லாமல் கிடைப்பது எது?

யோசித்துப் பாருங்கள்.

குடிக்கிற தண்ணீருக்குக் காசு. வண்டி நிறுத்தக் காசு. பிள்ளைகள் பந்து விளையாட மைதானம் கேட்டால், மணிக்கு இவ்வளவு என்று காசு. உடம்பைத் தேற்றலாம் என்று உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போனால், மாதம் பிறந்ததும் காசு!

காசே கேட்காத இடம் ஒன்று இருக்கிறது.

அதுதான் மெரினா கடற்கரைப் பாதை.

அங்கே காற்றுக்குக் கட்டணம் இல்லை. சூரியன் உதிப்பதைப் பார்க்கச் சீட்டு வாங்க வேண்டாம். நேப்பியர் பாலத்தில் தொடங்கினால் கலங்கரை விளக்கம் வரை 3 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். பழைய கணக்கில் சொன்னால் 2 மைல். மேடு இல்லை. பள்ளம் இல்லை. உள்ளங்கை போலச் சமதரை.

தெற்கே பார்த்து ஓடினால், இடது கைப் பக்கம் வங்கக் கடல். வலது கைப் பக்கம் 250 ஆண்டுச் சரித்திரம்!

இந்தப் பாதையில் ஓட வாருங்கள் என்று எல்லாரையும் அழைக்கிறோம். தாத்தா வரலாம், பேத்தி வரலாம். வேலைக்குப் போகும் அப்பா வரலாம். வீட்டு வேலையில் நாளெல்லாம் நிற்கும் அம்மா கட்டாயம் வர வேண்டும்.

ஓட்டம் என்றதும் பயப்படாதீர்கள். இது பந்தயம் அல்ல. கோப்பை கிடையாது. முதலில் வந்தவர், கடைசியில் வந்தவர் என்ற பேச்சும் கிடையாது. முடிந்த வரை மெல்ல ஓடலாம். முடியாதபோது நடக்கலாம்.

எதற்காக ஓட வேண்டும்? இரண்டு காரணங்கள். ஒன்று உடம்பு. மற்றொன்று ஊர்.

உடம்பு கேட்கும் கூலி

நம் பாட்டி கிணற்றில் தண்ணீர் இறைத்தாள். அம்மியில் அரைத்தாள். உரலில் குத்தினாள். தாத்தா வயலுக்கு நடந்தார், சந்தைக்கு நடந்தார். அவர்களுக்குத் தனியாகத் தேகப் பயிற்சி எதுவும் தேவைப்படவில்லை.

இன்று நிலைமை என்ன?

குழாயைத் திறந்தால் தண்ணீர். பொத்தானை அழுத்தினால் மாவு. வாசலில் வண்டி. அலுவலகத்தில் நாற்காலி. வீட்டுக்கு வந்தால் தொலைக்காட்சி, கையில் செல்போன்.

கைக்கும் காலுக்கும் வேலை போய்விட்டது. அந்த இடத்துக்குச் சர்க்கரை வியாதி வந்துவிட்டது. இரத்தக் கொதிப்பும் வந்துவிட்டது. தெருவுக்குத் தெரு மருந்துக் கடை!

உலக சுகாதார நிறுவனம் 2020-ம் ஆண்டில் ஒரு கணக்குச் சொன்னது. பெரியவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது, உடம்பு சற்றுச் சூடேறும்படி, வேகமாக நடப்பது போன்ற வேலை செய்ய வேண்டும். ஓட்டம் போன்ற கடினமான வேலை என்றால் 75 நிமிடமே போதும். பிள்ளைகளுக்கு நாள்தோறும் சராசரியாக 60 நிமிடம் வேண்டும்.

150 நிமிடம் என்றால் மலைப்பாக இருக்கிறதா? வாரத்தில் 5 நாள், நாளைக்கு 30 நிமிடம். அவ்வளவுதான்!

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம். உடம்பு இருந்தால்தான் உழைக்கலாம், சம்பாதிக்கலாம், பிள்ளைகளைக் கரை சேர்க்கலாம். உடம்பு கேட்பது நாளைக்கு அரை மணி நேரக் கூலி. அதைக் கொடுக்க மறுத்தால், பிற்காலத்தில் ஆஸ்பத்திரியில் வட்டியும் முதலுமாகக் கட்ட வேண்டி வரும்.

இது முதல் காரணம். இரண்டாவது காரணம்தான் பலருக்குத் தெரியாதது. அதைச் சொல்ல, பாதை நெடுக உங்களை அழைத்துப் போக வேண்டும். கிளம்புவோமா?

பாதை பிறந்த கதை

கூவம் ஆறு கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே நேப்பியர் பாலம் இருக்கிறது. 1869-ல் முதலில் கட்டப்பட்டது. அப்போது சென்னையின் கவர்னராக இருந்த நேப்பியர் பிரபுவின் பெயரையே அதற்கு வைத்தார்கள். 2022-ல் மாமல்லபுரத்தில் உலகச் செஸ் ஒலிம்பியாட் நடந்தது. அப்போது இந்தப் பாலத்துக்குக் கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரங்கக் கட்டம் தீட்டினார்கள்.

இங்கேதான் நம் ஓட்டம் தொடங்குகிறது.

நீங்கள் கால் வைக்கும் இந்தப் பாதை தானாக வந்தது அல்ல. 1881 முதல் 1886 வரை கவர்னராக இருந்தவர் கிராண்ட் டப் துரை. ஜனங்கள் மாலையில் காற்று வாங்க ஓர் இடம் வேண்டும் என்று நினைத்தார். 1880-களின் நடுவில் கடலோரமாக உலாவும் பாதை போட்டார். சிசிலித் தீவில் தாம் கண்ட கடற்கரைகளை நினைத்து, மெரினா என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

அகன்ற இந்த மணல்வெளியும் அந்தக் காலத்தில் இல்லை! கடல் சாலைக்கு மிக அருகிலேயே இருந்தது. 1870-களில் வடக்கே துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள். கடலுக்குள் சுவர் நீண்டது. தெற்கிலிருந்து வடக்கே அலை அடித்துச் சென்ற மணல், சுவரில் தடுக்கப்பட்டு இந்தப் பக்கம் தங்கியது. ஆண்டுக்கு ஆண்டு கரை வளர்ந்தது.

ஆனால் ஒரு பக்கம் வளர்ந்தால் இன்னொரு பக்கம் தேயும் அல்லவா? துறைமுகத்துக்கு வடக்கே மணல் வரத்து நின்றது. ராயபுரம் பக்கம் கடல் கரையை அரித்தது. மெரினாவில் நாம் மிதிக்கும் மணலுக்கு வடசென்னை விலை கொடுத்திருக்கிறது. இதையும் நினைவில் வைத்துக்கொண்டு ஓடுவோம்.

நால்வர் உறங்கும் கரை

பாலம் தாண்டியதும் கடற்கரைப் பக்கம் தலைவர்களின் நினைவிடங்கள் வரிசையாக வருகின்றன. அண்ணா 1969-ல் மறைந்தார். எம்.ஜி.ஆர். 1987-ல் மறைந்தார். ஜெயலலிதா 2016-ல், கருணாநிதி 2018-ல். முதல் அமைச்சர்களாக இருந்த நால்வரும் இந்தக் கரையில்தான் உறங்குகிறார்கள்.

வாழ்ந்தபோது ஒருவரை ஒருவர் எதிர்த்துப் பேசியவர்களும் இவர்களில் உண்டு. இன்று ஒரே அலையின் ஓசையைக் கேட்டபடி அடுத்தடுத்துக் கிடக்கிறார்கள். அந்த இடத்தில் ஓட்டத்தைக் குறைத்து, மெதுவாக நடந்து செல்லுங்கள். மரியாதைக்கு மரியாதை, மூச்சுக்கும் ஓய்வு!

வலது பக்கம் பாருங்கள். சென்னைப் பல்கலைக் கழகம். 1857-ல் பிறந்தது. அங்கே வண்ணக் கண்ணாடியும் கோபுரமுமாக நிற்கிறதே, அதுதான் செனட் மண்டபம். சிஷோம் என்ற கட்டடக் கலைஞர் 1874 முதல் 1879 வரை கட்டி முடித்தார்.

பாறையைத் தள்ளும் நால்வர்

அடுத்து உழைப்பாளர் சிலை. நான்கு பேர் சேர்ந்து ஒரு பெரும் பாறையை நெம்பித் தள்ளுகிறார்கள். தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்த சிலை. 1959-ம் ஆண்டு ஜனவரியில் இங்கே வைத்தார்கள். அவர் பிறந்தது வங்காளத்தில். சென்னை ஓவியக் கல்லூரியின் தலைவராகப் பல ஆண்டு இங்கேயே வாழ்ந்தார்.

அந்த நால்வரின் முதுகையும் தோளையும் பாருங்கள். உழைத்த உடம்பு எப்படி இருக்கும் என்று தெரியும்!

உழைப்பாளிக்கும் இந்தக் கரைக்கும் உறவு பழையது. இந்தியாவில் முதல் மே தினம் 1923-ல் சென்னைக் கடற்கரையில்தான் கொண்டாடப்பட்டது. நடத்தியவர் சிங்காரவேலர். மீனவர் குடும்பத்தில் பிறந்து வழக்கறிஞரானவர். அன்று நடந்த இரண்டு கூட்டங்களில் ஒன்று இந்தத் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் நடந்தது.

எதிர்ப்புறம், கட்டடங்களுக்குப் பின்னால், சேப்பாக்கம் அரண்மனை இருக்கிறது. ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா 1768-ல் கட்டியது. 2012 ஜனவரியில் அதன் ஒரு பகுதியில் தீப் பிடித்தது. தீயை அணைக்கப் போன அதிகாரி ஒருவர் உயிர் இழந்தார். பிறகு அந்தப் பகுதியைப் பழைய முறைப்படி, சுண்ணாம்புச் சாந்து வைத்துப் புதுப்பித்தார்கள்.

அதற்கும் தெற்கே மாநிலக் கல்லூரி. 1840-ல் ஒரு பள்ளியாகத் தொடங்கியது. 1870 முதல் இந்தக் கட்டடத்தில் நடக்கிறது. சர். சி. வி. ராமன் இங்கே படித்தார். 1930-ல் நோபல் பரிசு பெற்றார். அவருடைய அண்ணன் மகன் சந்திரசேகரும் இங்கே படித்தார். 1983-ல் நோபல் பரிசு பெற்றார். ஒரே கல்லூரி, ஒரே குடும்பம், இரண்டு நோபல் பரிசுகள்!

சங்க நூல்களை ஏட்டுச் சுவடியிலிருந்து மீட்டுக் கொடுத்த தமிழ்த் தாத்தா உ. வே. சாமிநாத ஐயர், 1903 முதல் 1919 வரை இங்கேதான் தமிழ் ஆசிரியர். அவருடைய சிலை கல்லூரி முகப்பில் கடலைப் பார்த்தபடி நிற்கிறது.

பேத்தி கேட்ட கேள்வி

ஒரு நாள் காலை, கடற்கரையில் ஒரு காட்சி கண்டோம்.

ஒரு பெரியவர் பேத்தியுடன் வந்தார். குழந்தைக்கு ஏழெட்டு வயது இருக்கும். அவள் ஓட, அவர் பின்னால் நடக்க, இப்படியே வந்தார்கள். ஒரு சிலையின் கீழே அவள் நின்றாள். எழுத்துக் கூட்டினாள்.

"ஜி... யு... போப்! தாத்தா, இவர் யார்?"

பெரியவர் விழித்தார்.

"யாரோ வெள்ளைக்காரத் துரை, கண்ணு."

"துரைக்கு எதுக்குத் தாத்தா இங்கே சிலை?"

பெரியவரிடம் பதில் இல்லை. "முப்பது வருஷமாக இந்த வழியே நடக்கிறேன். ஒரு நாளும் படித்தது இல்லை" என்று நம்மிடம் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் வெட்கமும் இருந்தது.

அந்தக் குழந்தைக்கு நாம் பதில் சொல்கிறோம்.

ஜி. யு. போப் திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். 1886-ல் அந்த நூல் வெளிவந்தது. எங்கோ பிறந்தவர் நம் குறளைக் கற்று உலகத்துக்குக் கொடுத்தார். அதற்காகத்தான் சிலை!

1968-ம் ஆண்டு ஜனவரியில் சென்னையில் இரண்டாவது உலகத் தமிழ் மாநாடு நடந்தது. அப்போது இந்தக் கடற்கரையில் 10 சிலைகள் வைத்தார்கள். திருவள்ளுவர், ஔவையார், கம்பர், கண்ணகி, வீரமாமுனிவர், கால்டுவெல், போப், பாரதியார், வ. உ. சி., பாரதிதாசன்.

பாதிரியாராக இத்தாலியிலிருந்து வந்து "தேம்பாவணி" பாடியவர் வீரமாமுனிவர். திராவிட மொழிகள் எல்லாம் ஒரு குடும்பம் என்று 1856-ல் இலக்கண நூல் எழுதியவர் கால்டுவெல். வெள்ளைக்காரனுக்கு எதிராகக் கப்பல் விட்டவர் வ. உ. சி. ஒவ்வொரு சிலைக்கும் ஒரு கதை உண்டு.

புதிதாக எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கு இதைவிட நல்ல பாடப் புத்தகம் உண்டா? ஆறு வயதுப் பிள்ளை படிக்கலாம். அறுபது வயதில் படிக்கத் தொடங்கியவரும் படிக்கலாம். ஒரு சிலை வரை ஓடுங்கள். நின்று பெயரைப் படியுங்கள். அடுத்த சிலை வரை நடங்கள். காலுக்கும் பாடம், கண்ணுக்கும் பாடம்!

பனிக்கட்டி வந்த வீடு

இன்னும் தெற்கே போனால், வலது பக்கம் வட்ட வடிவத்தில் ஒரு பழைய கட்டடம். விவேகானந்தர் இல்லம். பழைய பெயர் ஐஸ் ஹவுஸ்.

1842-ல் கட்டப்பட்டது. எதற்காகத் தெரியுமா? அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க! அங்கே குளிர்காலத்தில் ஏரிகள் உறைந்து போகும். அந்தக் கட்டியை வெட்டி எடுத்து, மரத் தூளில் பொதிந்து, மாதக் கணக்கில் கடலில் கொண்டு வந்தார்கள். பிறகு இங்கேயே ஐஸ் செய்யும் இயந்திரம் வந்தது. அந்த வியாபாரம் படுத்தது.

1897 பிப்ரவரியில் சுவாமி விவேகானந்தர் இந்த வீட்டில் 9 நாள் தங்கினார். பிற்காலத்தில் சகோதரி சுப்புலட்சுமி இங்கே இளம் விதவைப் பெண்களுக்கு இல்லம் நடத்தினார். விளையாட வேண்டிய வயதில் மூலையில் உட்கார வைக்கப்பட்ட பெண்கள் அவர்கள். இந்த வீட்டில் தங்கிப் படித்தார்கள், ஆசிரியைகள் ஆனார்கள்.

தாய்மார்களே! அவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்த அதே கடற்கரையில் நீங்கள் ஓடுகிறீர்கள். "பொம்பளை ஓடினால் நாலு பேர் என்ன சொல்லுவார்கள்?" என்று தயங்க வேண்டாம். நாலு பேர் சொல்வதை அந்தப் பெண்கள் அன்றே தாண்டிவிட்டார்கள்.

இன்னும் சற்றுத் தூரத்தில் ராணி மேரி கல்லூரி. 1914 ஜூலையில் தொடங்கியது. சென்னை நகரில் பெண்களுக்கென்று ஏற்பட்ட முதல் கல்லூரி.

கண்ணில் படுவது காணாமல் போகாது

இப்போது நம் இரண்டாவது காரணத்துக்கு வருகிறோம்.

2003-ல் ராணி மேரி கல்லூரியின் இடத்தில் புதிய தலைமைச் செயலகம் கட்ட அரசு திட்டம் போட்டது. மாணவிகள் போராடினார்கள். கல்லூரிக்குள்ளேயே இருந்து கொண்டு, இடத்தை விடமாட்டோம் என்றார்கள். ஊரே பேசியது. திட்டம் கைவிடப்பட்டது. கல்லூரி இன்றும் இருக்கிறது.

கண்ணகி சிலைக்கு என்ன ஆயிற்று? 2001 டிசம்பரில் ஒரு லாரி சிலையின் பீடத்தில் மோதியது. சிலை அகற்றப்பட்டது. சிலம்பு ஏந்தி நின்ற கண்ணகி கடற்கரையில் இல்லை! "எங்கே எங்கள் கண்ணகி?" என்று கேட்டவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2006 ஜூனில் சிலை பழையபடி கடற்கரைக்கு வந்தது.

இந்த இரண்டு கதையும் சொல்வது என்ன?

பார்க்கிற கண் இருந்தால் பொருள் நிலைக்கும். கேட்கிற வாய் இருந்தால் போன பொருளும் திரும்பும்!

காரில் போகிறவருக்கு முன்னால் போகும் வண்டிதான் தெரியும். பஸ்ஸில் போகிறவருக்கு இறங்க வேண்டிய இடம்தான் தெரியும். நாள்தோறும் காலால் ஓடுகிறவருக்குத்தான் எல்லாம் தெரியும். எந்தக் கல் பெயர்ந்திருக்கிறது, எந்த விளக்கு எரியவில்லை, எந்தச் சிலையின் பெயர்ப் பலகை அழிந்திருக்கிறது, எந்தச் சுவரில் செடி முளைத்திருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும்.

அவர் சம்பளம் வாங்காத காவல்காரர். ஆயிரம் பேர் ஓடினால், ஊருக்கு ஆயிரம் காவல்காரர்கள்!

இதுதான் இரண்டாவது காரணம். உடம்புக்காக ஓடுங்கள். ஊருக்காகவும் ஓடுங்கள்.

விளக்கு அருகே வந்துவிட்டோம்

பேசிக்கொண்டே வந்ததில் காந்தி சிலையை அடைந்துவிட்டோம். கையில் கோலுடன், கால் எடுத்து வைத்து நடக்கிறார் காந்தியடிகள். உழைப்பாளர் சிலையைச் செய்த அதே ராய் சௌத்ரி செய்தது. 1959-ல் பிரதமர் நேரு திறந்து வைத்தார்.

காந்தியடிகளின் நடையைக் கவனியுங்கள். 1930-ல் உப்பு எடுக்கத் தண்டிக்குக் கிளம்பியபோது அவருக்கு வயது 60. சுமார் 240 மைல் நடந்தார்! "எனக்கு வயதாகிவிட்டது" என்று சொல்கிறவர்கள் இந்தச் சிலைக்கு முன்னால் நின்று ஒரு தடவை யோசிக்கட்டும்.

கடைசியில் கலங்கரை விளக்கம். சிவப்பும் வெள்ளையுமாக, முக்கோண வடிவில் நிற்கிறது. சென்னைக்கு இது நான்காவது விளக்கு. முதல் விளக்கு 1796-ல் கோட்டைக்குள் எரிந்தது. இரண்டாவது 1844-ல் ஒரு தூணின் மேல் வைக்கப்பட்டது. மூன்றாவது 1894-ல் உயர்நீதிமன்றக் கோபுரத்தின் உச்சியில் ஏறியது. இப்போது இருப்பது 1977 ஜனவரியில் ஒளி வீசத் தொடங்கியது. மேலே ஏறிப் போக உள்ளே லிப்ட் உண்டு!

இங்கே திரும்புங்கள். பாலம் வரை திரும்ப ஓடினால் 4 மைல் ஆகும். முதல் நாளே அது வேண்டாம்.

எப்படி ஓடுவது?

முதல் வாரம் உழைப்பாளர் சிலை வரை போய்த் திரும்புங்கள். 1 நிமிடம் ஓடுங்கள். 2 நிமிடம் நடங்கள். மாதம் ஒன்று போனதும் ஓட்டத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். அவசரம் வேண்டாம்.

எவ்வளவு வேகம்? பக்கத்தில் வருகிறவரோடு பேச முடிய வேண்டும். பேச மூச்சு வரவில்லை என்றால், வேகம் அதிகம் என்று அர்த்தம். உடனே குறையுங்கள்.

காலையில் 6 மணிக்குள் தொடங்குங்கள். சென்னை வெயில் யாருக்கும் இரக்கம் காட்டாது. கிளம்பும் முன் கொஞ்சம் தண்ணீர் குடியுங்கள். கையிலும் ஒரு புட்டி எடுத்துச் செல்லுங்கள்.

காலுக்குப் பொருந்தும் சாதாரண ரப்பர் அடிச் செருப்பணி போதும். ஆயிரக் கணக்கில் கொட்ட வேண்டியது இல்லை. ஆனால் கழன்று ஓடும் செருப்பு வேண்டாம். பாதையில் கல் பாவியிருக்கிறது. மழை பெய்தால் வழுக்கும். அன்றைக்கு நடையே நல்லது.

இருதய நோய், சர்க்கரை, இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் முதலில் டாக்டரைக் கேளுங்கள். ஓடும்போது நெஞ்சு வலித்தால், தலை சுற்றினால், உடனே நின்று உதவி கேளுங்கள். வீரம் வேண்டாம்.

சாலைக்குள் இறங்கி ஓட வேண்டாம். 2023-ல் கலங்கரை விளக்கம் அருகேதான் மெட்ரோ ரயில் சுரங்கம் தோண்டும் வேலை தொடங்கியது. வேலைக்காக வேலி போட்ட இடம் வந்தால், ஓட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்த்து நடங்கள்.

வேர்வை ஆறட்டும் என்று கடலில் இறங்காதீர்கள்! இந்தக் கடலின் நீரோட்டம் பொல்லாதது. நீச்சல் தெரிந்தவர்களையே இழுத்திருக்கிறது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக் கிழமை. அன்று காலையிலும் ஜனங்கள் இங்கே உலாவ வந்திருந்தார்கள். பிள்ளைகள் பந்து விளையாடினார்கள். சுனாமி வந்தது. பலர் வீடு திரும்பவில்லை. கடலுக்கு அன்பு காட்டுங்கள், மரியாதையும் காட்டுங்கள்.

அதிகாரிகளுக்கு ஒரு வார்த்தை

பாதை எல்லாருக்கும் பொது என்றால், எல்லாராலும் அதில் போக முடிய வேண்டும்.

2022 நவம்பரில் மாற்றுத் திறனாளிகளுக்காக மணலின் குறுக்கே மரப் பாதை திறந்தார்கள். சக்கர நாற்காலியில் இருந்தவர்கள் அலை அருகே போய்ப் பார்த்தார்கள். சிலருக்கு வாழ்நாளில் அதுதான் முதல் தடவை! அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது. பிறகு சரி செய்தார்கள். நல்ல காரியம்.

அதே அக்கறை பாதை முழுவதும் வேண்டும். பாலம் முதல் விளக்கு வரை நடைபாதை அறுந்து போகாமல் இருக்க வேண்டும். நடைபாதையில் வண்டிகள் ஏறக் கூடாது. சுத்தமான கழிப்பறை வேண்டும். அது பெண்கள் தயங்காமல் போகும்படி இருக்க வேண்டும். குடிதண்ணீர் வேண்டும். விடிவதற்கு முன்பும் விளக்கு எரிய வேண்டும். தனியாக ஓடும் பெண் பயமில்லாமல் ஓட, போலீஸ் ரோந்து வேண்டும்.

கடற்கரையில் சுண்டலும் மாங்காயும் விற்றுப் பிழைப்பவர்களை விரட்டச் சொல்லவில்லை. அவர்களும் இந்தக் கரையின் பிள்ளைகள்தான். அவர்களுக்கு ஒழுங்கான இடம் கொடுத்தால், பாதையும் இருக்கும், பிழைப்பும் இருக்கும்.

பொதுமக்களுக்கும் கடமை உண்டு. தின்றுவிட்டுக் காகிதத்தை மணலில் எறிகிற கை நம் கைதான். அதை வெளிநாட்டான் வந்து எறியவில்லை!

உங்கள் ஊரிலும் உண்டு

"நாங்கள் சென்னையில் இல்லையே" என்கிறீர்களா?

மதுரையில் நான்கு மாசி வீதிகள் இல்லையா? திருமலை நாயக்கர் மகால் இல்லையா? திருச்சியில் மலைக்கோட்டை இல்லையா? தஞ்சையில் பெரிய கோயிலின் மதில் இல்லையா? தமிழ் நாட்டில் சரித்திரம் இல்லாத ஊர் எது? காலையில் எழுந்து ஓடத்தான் ஆள் வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக் கிழமை தொடங்குங்கள். வீட்டில் உள்ளவர்களை எழுப்புங்கள். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போங்கள். சிலையின் பெயரை அவனே படிக்கட்டும். "இவர் யார்?" என்று அவன் கேட்டால், சொல்லத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெரியவரை அன்றைக்கு மறுபடியும் பார்த்தோம். திரும்பி வரும்போது அவர் பேத்தியின் பின்னால் நடக்கவில்லை. அவளோடு மெல்ல ஓடிக்கொண்டிருந்தார். அடுத்த சிலையின் பெயரை அவரே முதலில் படித்தார்!